அம்மாவின் தபசுகாலத் தூள்

தம்பி,

இதை வேலையிடத்தில் நின்றுகொண்டு வாசியாதே. பஸ்ஸிலும் வேண்டாம். உன் அறைக்குப் போய், சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஓரிடத்தில் இருந்து வாசி. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் எதையாவது சொல்லத் தொடங்கினால் நீ "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்று ஆறு தடவை சொல்வாய். ஏழாவது தடவைக்குள் உன்னை யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டுவிடுவார்கள். இந்த விசயம் அப்படி இடையில் அறுபடக் கூடாது. பாதியைச் சொல்லி மீதியை விழுங்குவதில் நான் வலு கெட்டிக்காரன், அதனால்தான் தாளில் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை அழ அழ இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றாவது ஒரு பலன் வரட்டும். என் கையெழுத்து விளங்காவிட்டால் மெதுவாக வாசி, எனக்கு அவசரமில்லை.

போன வியாழக்கிழமை நீ எடுத்த போனைப் பற்றித்தான் எழுதுகிறேன். உன் குரல் அன்று துள்ளியது. "அப்பா, அம்மான்ர தூள் எங்கட புது மெனுவில வரப்போகுது. கடைசியா சோறு குடுக்கேக்க மேல தூவிக் குடுக்கப் போறம். அம்மான்ர பேரையும் கார்ட்டில போடச் சொல்லிக் கேக்கப் போறன்" என்றாய். "எங்கட தலைமைச் செஃப் ஹருமி சான், செய்முறையை உங்கட கையால எழுதித் தரட்டாம். இந்தத் திங்கள் ஏலாது, அடுத்த திங்கள் வாறன். எழுதி வையுங்கோ" என்றாய். நான் "ஓம் தம்பி" என்றேன். போனை வைத்த பிறகு அடுப்படிக்குப் போய் அந்தத் தூள் போத்தலைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். தம்பி, அந்தத் தூள் உங்கள் மெனுவில் வரக்கூடாது. அதில் மீன் இருக்கிறது. முதல் நாளிலிருந்தே இருந்தது, அது எனக்குத் தெரியும்.

உன் முகம் இப்போது எப்படி இருக்கும் என்று நான் அறிவேன். வாசிப்பதை மட்டும் நிறுத்தாதே. நான்கு வருடமாக நீ மீனும் முட்டையும் பாலும் தொடாமல் இருக்கிறாய். தேன்கூட வேண்டாம் என்றாய். வேலைக்காகத் தொடங்கினது, பிறகு மனதுக்கே அது பிடித்துப்போனது என்று ஒருநாள் என்னிடம் சொன்னாய். "தேனீயிட்டையும் அனுமதி கேக்க வேணுமோ?" என்று நான் பகிடி பண்ணினேன். அப்படிப்பட்ட உனக்கு இரண்டு வருடமாக, இரண்டு கிழமைக்கு ஒருதடவை, என் கையாலேயே மீனைப் போட்டுத் தந்திருக்கிறேன். தெரியாமல் நடந்த பிழை என்றால் அன்றே சொல்லிச் சிரித்திருக்கலாம். தெரிந்துகொண்டு செய்தேன். ஏன் செய்தேன் என்று சொல்லத்தான் இவ்வளவு தாள்.

அம்மா போன பிறகு லண்டனின் மிச்சம் பகுதியில் உள்ள இந்த வீட்டில் நான் எப்படி இருந்தேன் என்று நீ கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. உன்மேல் குறை சொல்லவில்லை; ஒரு பெரிய ஓட்டல் அடுப்படியில் வேலை செய்கிறவனுக்குக் கிழமை நாட்கள் தெரியாது என்பதை உனக்கு முன்னரே நான் அறிந்தவன். ஆனால் உள்ளதைச் சொல்வதென்றால் சொல்கிறேன். முதல் வருடம் நான் இரண்டு பேருக்கே சோறு போட்டேன். மிஞ்சியதை மறுநாள் சாப்பிட்டு, அன்றைக்கும் இரண்டு பேருக்கே போட்டேன். ஞாயிறு பூசைக்குப் போனால் எல்லாரும் "எப்படிச் சுகம்?" என்பார்கள், நான் "கர்த்தரின் கிருபை" என்பேன், அதோடு கதை முடிந்துவிடும். மற்ற நாட்களில் தமிழ்க் கடையில் காசு கொடுக்கும் இடத்தில் நிற்கும் பிள்ளையோடு பேசுவதற்காகவே ஒரு தேசிக்காய், ஒரு கட்டுக் கறிவேப்பிலை என்று தனித்தனியாக வாங்கப் போவேன். மழை நாட்களில் டிராமில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய், இறங்காமல் அதிலேயே திரும்பி வருவேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறிச் சத்தம் போடுவார்கள். அந்தச் சத்தம் எனக்குத் தேவையாக இருந்தது. நீ அப்போது இரண்டு மாதத்துக்கு ஒருதடவை வருவாய். வந்தாலும் கோட்டைக் கழற்றமாட்டாய்.

பிறகு அந்தத் திங்கட்கிழமை வந்தது. ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலம் தொடங்கி ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. நான் எனக்கென்று பருப்பும் சோறும் வைத்து, பக்கத்தில் அம்மா செய்கிற தூளைப் போலச் செய்து வைத்திருந்தேன். நீ பசியில்லை என்றபடி மேசையில் இருந்து போனைத் தட்டிக்கொண்டிருந்தாய். போத்தலைத் திறந்ததும் தலையை நிமிர்த்தினாய். "அப்பா, இது அம்மான்ர தபசுகாலத் தூளெல்லோ?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் ஒரு கோப்பையை எடுத்தாய். பருப்புக்கறியில் பால் விட்டிருக்கிறதா என்று முதலில் கேட்டாய், தேங்காய்ப்பால்தான் என்றேன். சோற்றில் தூளைக் கொட்டிப் பிசைந்து வாயில் வைத்த பிறகுதான், "இதில மச்சம் ஒண்டும் இல்லைத்தானே? தபசுகாலத்துக்குச் செய்யிறது எண்டபடியா இருக்காது, என்ன?" என்று நீயே கேட்டு நீயே பதிலையும் சொல்லிக்கொண்டாய்.

இங்கேதான் பிழை. லண்டனில் வளர்ந்த உனக்குத் தபசுகாலம் என்றால் மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், இல்லாத காலம் என்று பட்டுவிட்டது. நமக்கு அப்படியில்லை, தம்பி. வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் என்றால் இறைச்சிதான் விலக்கு, மீன் விலக்கில்லை. மன்னாரில் பிறந்தவர்களிடம் போய் மீனையும் விலக்கு என்றால் அவர்கள் எதைச் சாப்பிடுவது, மணலையா? உன் அம்மா தூளுக்குச் செத்தல் மிளகாயும் மல்லியும் உளுந்தும் தேங்காய்ப்பூவும் கறிவேப்பிலையும் வறுப்பாள். கடைசியில் ஒரு சின்னத் துண்டு மாசியை, அவித்துக் காயவைத்த சூரைமீனை, இடித்துப் போடுவாள். மாசியை அவள் மீன் என்றே எண்ணியதில்லை. உப்பைப் போல, புளியைப் போல, அது ருசிக்குப் போடுகிற ஒரு சாமான். மரத்துண்டு மாதிரி இருக்கும் அதற்குச் செதிளும் கண்ணும் இருந்ததை யார் நினைப்பார்கள்? "சுத்த மரக்கறிதான்" என்று சொல்லியே கோயிலில் எல்லாருக்கும் கொடுத்தாள். நானும் அப்படியே நினைத்து வாழ்ந்தவன். ஆனால் நீ அந்தக் கேள்வியைக் கேட்ட கணத்தில் எனக்கு விளங்கிவிட்டது. வாயைத் திறந்தேன். நீ இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டாய். அம்மா போன பிறகு இந்த வீட்டில் நீ இரண்டாம் தரம் போட்டுக்கொண்டது அன்றுதான். நான் வாயை மூடிக்கொண்டேன்.

போகும்போது, "அப்பா, இதைக் கொஞ்சம் கூடச் செய்து தாங்கோ, அடுத்த திங்களுக்கு அடுத்த திங்கள் வந்து எடுக்கிறன்" என்றாய். வந்தாய். கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டாய். அடுத்த முறை சப்பாத்தையும் கழற்றினாய். பிறகு ஒவ்வொரு இரண்டாம் திங்களும் வரத் தொடங்கினாய். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஜன்னல்களைத் திறந்துவைத்து, புகை மணி அடிக்காமல் பார்த்துக்கொண்டு தாச்சியில் வறுப்பேன். நீ வருவதற்குள் மாசிப் பைக்கட்டைச் சோப்புத்தூள் பெட்டிக்குப் பின்னால் ஒளித்துவைப்பேன். எழுபத்திரண்டு வயதில் திருட்டுப் பழகியவன் உன் அப்பன். செய்முறை கேட்டபோது, "அம்மா ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் எண்டவ" என்றேன். அதுவும் பொய். உன் அம்மாவிடம் கேட்டால் போதும், பேப்பர் துண்டில் எழுதி, பிழை விடாதே என்று இரண்டு தடவை போன் எடுத்தும் சொல்லுவாள். செத்துப்போனவளைப் பொய்க்குச் சாட்சி வைத்ததுதான் இதிலே எனக்கு மிகவும் வலிக்கிறது.

நீ அந்தத் திங்கள்களில் உன் வேலையைப் பற்றி நிறையச் சொன்னாய். உன் ஓட்டலில் நீங்கள் சமைப்பது ஜப்பானியக் கோயில் பிக்குகளின் சாப்பாடு, அதில் உயிர்க்கொலை கிடையாது, உள்ளியும் வெங்காயமும்கூடக் கிடையாது என்றாய். மற்ற ஜப்பானியச் சமையல்காரர்கள் ரசத்துக்கு ஒரு காய்ந்த மீனைச் சீவிப் போடுவார்கள், அது மரம் மாதிரி வயிரமாக இருக்கும், நாங்கள் அதற்குப் பதிலாகக் காய்ந்த கடற்பாசியையும் காளானையும் இரவு முழுக்க ஊறவைப்போம் என்று கைகளால் அளவு காட்டிச் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வந்தது. "ஏன் சிரிக்கிறீங்கள்?" என்று கேட்டாய், ஒன்றுமில்லை என்றேன். நீ சொன்ன மீன் நம்முடைய மாசியின் கூடப்பிறந்த சகோதரம், தம்பி. உங்கள் அடுப்படிக்குள் வரக்கூடாது என்று நீங்கள் வாசலிலேயே தடுத்துவைத்த அதே சாமானை உன் பையில் நான் போத்தலில் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஒருமுறை திருந்தப் பார்த்தேன், அதையும் சொல்லவேண்டும். போன கோடையில், மாசியை விட்டுவிட்டுக் காய்ந்த காளானை வறுத்து இடித்துப் போட்டேன். நீ சொன்னதிலிருந்து பழகிய வித்தைதான். நீ ஒரு பிடி வாயில் வைத்தாய். "அப்பா, இந்தமுறை என்னவோ குறையுது" என்றாய். பிறகு கோப்பையைப் பார்த்தபடி, "அம்மா இல்லாத மாதிரி இருக்கு" என்றாய். அன்று நீ வழக்கத்தைவிட அரை மணித்தியாலம் முன்னதாக எழுந்து போய்விட்டாய். உண்மையில் உனக்கு வேலை இருந்திருக்கலாம். ஆனால் நான் அடுத்த ஞாயிறு பழையபடி மாசியை இடித்தேன். உன் நாக்கு கெட்டிக்கார நாக்கு. எப்படி அது மீனைக் கண்டுபிடிக்கவில்லை என்று நீ உன்னையே திட்டிக்கொள்வாய். திட்டாதே. தாயின் கைச் சமையலைச் சோதித்துப் பார்க்க ஒரு நாக்குக்கும் தோன்றாது.

நான் உன்னை இழந்துவிடுவேன் என்று பயந்தது இது முதல் தடவையில்லை. நீ கணக்கியல் படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு அடுப்படி வேலைக்குப் போனபோது நான் என்ன சொன்னேன் என்று உனக்கு மறந்திருக்காது. "நான் கழுவின சட்டியைக் கழுவத்தான் நீயும் போறியோ?" என்று கத்தினேன். பத்தொன்பது வருடம் ஓட்டல்களின் நிலக்கீழ் அறைகளில் நின்று பானைகள் கழுவியவன் நான். என் விரல் நகங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அதே கதவால் உள்ளே போவதை என்னால் தாங்க முடியவில்லை. அதற்காக ஒரு வருடம் உன்னோடு பேசாமல் இருந்தேன். உன் அம்மா நடுவில் நின்று, "அவன் சாப்பிட்டானாம், அவர் சாப்பிட்டார்" என்று இரண்டு பக்கமும் செய்தி சொல்லிக்கொண்டு திரிந்தாள். அந்த ஒரு வருடம் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லாத வருடம். கோபத்தில் வாயை மூடியதும் நான்தான், பயத்தில் வாயை மூடியதும் நான்தான். என்னிடமிருந்து நீ எதையாவது எடுத்துக்கொள்வதென்றால் இந்த வாய் மூடும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளாதே.

இப்போது அந்த மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறேன். வேலை செய்கிறவர்களின் வீட்டாட்களுக்கு ஓட்டலில் விருந்து என்று என்னைக் கூப்பிட்டாய். அம்மாவின் அடக்கத்துக்குப் போட்ட கோட்டைத்தான் போட்டுக்கொண்டு வந்தேன், வேறு நல்ல கோட் என்னிடம் இல்லை. கிரீன் பார்க் ரயில் நிலையத்தில் இறங்கி வந்து, பழக்கதோசத்தில் பின்பக்கத் தெருவுக்குப் போய்விட்டேன். குப்பைத் தொட்டிகளைக் கண்ட பிறகுதான் இன்று முன்கதவால் போகவேண்டும் என்று ஞாபகம் வந்தது. தொப்பி போட்ட ஒரு மனிதர் எனக்குக் கதவைத் திறந்து "வாருங்கள் சேர்" என்றார். எட்டுப் பேர் இருக்கக்கூடிய அந்த நீள மேசைக்குப் பின்னால் நீ வெள்ளை உடுப்போடு நின்றாய். எள்ளை அரைத்துக் கட்டியாக்கிய ஒன்றைத் தந்தாய். அது நாக்கில் வைத்ததும் கரைந்தது. தாமரைக்கிழங்கைத் துருவிப் பிடித்த ஓர் உருண்டை, தெளிந்த ரசத்துக்குள். ஒவ்வொன்றும் கோப்பையின் ஒரு மூலையில் கொஞ்சமாக இருந்தது. வேறு இடத்தில் என்றால், "இவ்வளவுதானோ?" என்று கேட்டிருப்பேன். அன்று கேட்கவில்லை. நீ கோப்பையை இரண்டு கையாலும் வைத்த விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ செய்வது என்ன வேலை என்று எனக்கு அன்றுதான் விளங்கியது, விளங்கின அன்றே அதைக் கெடுத்தேன்.

கடைசியில் சோறும் ஊறுகாயும் வைத்தாய். அப்போது உங்கள் தலைமைச் செஃப் ஹருமி சான் என்னிடம் வந்து குனிந்து வணங்கினார். நீ சட்டைப்பையிலிருந்து சின்னப் போத்தலை எடுத்து, "நான் சொல்லுற தூள் இதுதான்" என்று அவருக்குக் காட்டினாய். உன் முகம், தம்பி! நாலாம் வகுப்பில் கீறின படத்தை டீச்சரிடம் நீட்டியபோது இருந்த அதே முகம். அவர் போத்தலைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்து, "இதில் இருப்பது எல்லாம் தாவரம்தானா?" என்று கேட்டார். நான் அவரைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்தேன். "ஓம் மேடம், எல்லாம் மரத்திலும் செடியிலும் வருவதுதான்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னேன். அவர் ஒரு சிட்டிகையை எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். விழுங்கினார். "உங்கள் மனைவிக்கு நன்றி" என்று சொல்லி மறுபடி குனிந்தார். நீ மேசைக்கு மேலால் எட்டி என் கையைப் பிடித்து அமர்த்தினாய். வீட்டுக்கு வந்து அந்தக் கையை நான் நெடுநேரம் கழுவாமல் வைத்திருந்தேன், பைத்தியக்காரன் மாதிரி.

உன்னை ஏமாற்றினால் அது அப்பனுக்கும் மகனுக்கும் இடையில் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிவந்தேன். முப்பது வருடமாக மீன் தொடாத ஒரு மனுசியின் நாக்கில், நான் சொன்ன சொல்லை நம்பி, மாசி போய்விட்டது. அதற்குச் சமாதானம் கிடைக்கவில்லை. பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்று கோயிலுக்குப் போனேன். வரிசையில் நின்று, என் முறை வந்ததும் திரும்பி வந்துவிட்டேன். சாமியாருக்குச் சொல்லி என்ன செய்ய, அவர் மீன் சாப்பிடுகிறவர். அப்படி நான் இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் நீ வியாழக்கிழமை போன் எடுத்தாய்.

நேற்றுச் சனிக்கிழமை நான் உன் ஓட்டலுக்குப் போனேன். நீ வேலைக்கு வருவதற்கு முந்தின நேரமாகப் பார்த்து, பின்பக்கக் கதவுக்குப் போனேன். காவலுக்கு நின்றவரிடம் ஹருமி சானைப் பார்க்கவேண்டும் என்று உன் பெயரைச் சொன்னேன். ஹருமி சான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். மரக்கறிப் பெட்டிகள் இறக்குகிற இடத்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்து என்னை இருத்தி, எதிரில் தானும் ஒரு பெட்டியில் இருந்தார். நான் சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று கேளாதே, என் இங்கிலிஷ் பாதி வழியில் ஓடிவிட்டது. "ஃபிஷ்" என்ற சொல்லை மட்டும் மூன்று நாலு தரம் சொன்னேன்.

"எனக்குத் தெரியும்" என்றார். நான் திடுக்கிட்டேன். ஜப்பானில், நீ சொன்ன அந்த மீனைக் காயவைக்கிற கடற்கரை ஊரில்தான் அவர் பிறந்தாராம். பள்ளிக்கூடம் விட்டு வரும் தெரு முழுக்க அந்த வாசம்தானாம். நாக்கில் பட்டதுமே தெரிந்துவிட்டதாம். "அப்படியென்றால் ஏன் துப்பவில்லை?" என்று கேட்டேன். "உங்கள் மகன் என் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நானும் அன்று உன் முகத்தைப் பார்த்துத்தான் பொய் சொன்னேன். அதை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை.

உன்மேல் அவருக்கு ஒரு கிழமை சந்தேகம் இருந்ததாம். பிறகு நீ அந்தத் தூளைப் பற்றிப் பேசுவதைக் கேட்டு, தெரிந்துகொண்டு செய்கிறவன் இப்படிப் பேசமாட்டான் என்று தெளிந்தாராம். அதனால்தான் செய்முறையை அப்பாவின் கையால் எழுதி வாங்கி வா என்றாராம். மெனுவில் போடுவதாக அவர் சொல்லவே இல்லை, தம்பி. "முதலில் எழுதிக் கொண்டு வா, பிறகு பார்க்கலாம்" என்றுதான் சொன்னாராம். மீதியை நீ உன் சந்தோசத்தில் சேர்த்துக்கொண்டாய். உன் வேலைக்கு ஒன்றும் ஆகாது, பயப்படாதே. ஒரு விருந்தாளிக்கும் அந்தத் தூள் போகவில்லை என்பதையும் அவர் சொன்னார். "இதை உங்கள் மகனுக்கு நான் சொல்லமாட்டேன். அது நீங்கள் சொல்லவேண்டியது" என்றார். எழும்பும்போது, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார். "அவன் இந்தத் தூளுக்காகத்தான் வீட்டுக்கு வாறவன்" என்றேன். "தூள் இல்லாவிட்டால் வருவானா என்று அவனிடம் கேட்டீர்களா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். உன்னைப் போல அவரையும் பாதிப் பேச்சில் கூப்பிட்டுவிடுவார்கள் போலிருக்கிறது.

நீ கேட்ட செய்முறையை இதோ என் கையால் எழுதுகிறேன். செத்தல் மிளகாய் ஒரு கைப்பிடி, மல்லி இரண்டு கைப்பிடி, உளுந்து ஒரு கைப்பிடி, கறிவேப்பிலை மூன்று நெட்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்கவேண்டும், சேர்த்து வறுத்தால் மிளகாய் கருகிவிடும். தேங்காய்ப்பூவைக் கடைசியில், அடுப்பைக் குறைத்து, கோப்பி நிறம் வரும்வரை கையெடுக்காமல் கிண்டவேண்டும். உப்பு. பெருவிரல் நகத்தளவு மாசி. இதுதான் உன் அம்மா செய்தது, இதுதான் நான் செய்தது, ஒளித்தது ஒன்றுமில்லை. மாசியை விட்டுவிட்டு இதை எப்படிச் செய்யலாம் என்று நீ கண்டுபிடிப்பாய். கடற்பாசியோ காளானோ, என்னவோ ஒன்றை இரவு முழுக்க ஊறவைத்துக் கொண்டுவந்துவிடுவாய், எனக்குச் சந்தேகமில்லை. கண்டுபிடித்தால் அது உன்னுடைய தூள். அதற்கு அம்மாவின் பெயரைப் போடாதே, அவள் அதைச் செய்யவில்லை.

புத்திமதி சொல்ல எனக்குத் தகுதியில்லை என்று நீ நினைக்கலாம். ஆனாலும் அப்பன் வாய் சும்மா இருக்காது. உன்மேல் அன்பாக இருக்கிறவர்கள் தருவதையும் ஒருதடவை கேட்டுப் பார்த்துச் சாப்பிடு. அவர்களுக்குத்தான் பொய் சொல்ல அதிகக் காரணம் இருக்கும். ஒருவருடைய முகம் வாடிவிடுமே என்று உண்மையைத் தள்ளிப்போடாதே. பிறகு அந்த முகத்தை நேரே பார்க்க ஏலாமல் போய்விடும். ஒருவர் உன் வீட்டுக்கு வரவேண்டும் என்று ஆசையாக இருந்தால், வா என்று கூப்பிடு. எதையாவது செய்துவைத்துக்கொண்டு, அதற்காக அவர் வருவார் என்று ஜன்னலடியில் காத்திருக்காதே. நான் காத்திருந்து பார்த்தவன். அவர் வந்திருக்கும்போதும், வந்தது எனக்காகவா அதற்காகவா என்று அறிய முடியாமல் இருக்கும். நீ சிரித்துக்கொண்டு என் முன்னால் சோறு சாப்பிட்ட அத்தனை திங்களும் நான் அப்படித்தான் இருந்தேன்.

உனக்குக் கோபம் வரும், வரவேண்டும். உன் உடம்புக்குள் நீ வேண்டாம் என்று வைத்ததை நான் போட்டிருக்கிறேன். மன்னிப்பு என்று ஒரு சொல்லில் அதைத் திருப்பி எடுக்க முடியாது. ஆனாலும் கேட்கிறேன், என்னை மன்னி. கொஞ்ச நாள் பேசாமல் இருக்க நினைத்தால் இரு. நான் உன்னோடு ஒரு வருடம் பேசாமல் இருந்தவன், எனக்கு அதைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமை இல்லை. ஒரு வருடம் என்பது உன் வயதில் ஒரு அளவு, என் வயதில் வேறு அளவு என்பதை மட்டும் யோசித்துக்கொள்.

போத்தலில் இருந்ததைக் கொட்டிவிட்டேன். அந்தப் பைக்கட்டையும் எறிந்துவிட்டேன். இனி இந்த வீட்டில் நீ வந்து எடுத்துப் போக ஒன்றும் இல்லை. பருப்பு வைப்பேன், அதையும் உனக்கு என்னைவிட நன்றாக வைக்கத் தெரியும். இரண்டு வருடமாக உன்னிடம் நான் கேட்கவேண்டியிருந்தது ஒரே ஒரு கேள்வி. அதைக் கேட்க வாய் வராமல்தான், தம்பி, உன் கோப்பையில் மீனைப் போட்டேன். இப்போது கேட்கிறேன். ஒண்டுக்குமில்லை, சும்மா, என்னைப் பாக்கிறதுக்கு மட்டும் ஒருக்கா வந்திட்டுப் போறியா?

அப்பா